நானூறு பழைய டியூப்லைட்டுகள்: உடைக்காமல் ஒப்படைப்பது எப்படி, ஏன்

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியில் எல்லா வகுப்பறைகளிலும் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டுவிட்டன. கழற்றிய நாலடி டியூப்லைட்டுகள் சுமார் 400 மொட்டை மாடியில் குவிந்து கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்காரர் குழல்களைத் தாங்கியிருந்த பட்டிகளையும் சோக்குகளையும் எடைக்கு வாங்கிக்கொண்டு, குழல்களை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இடத்தை அடைக்கிறதே என்று, துப்புரவு வேலை செய்யும் அம்மாவிடம் அவற்றை உடைத்துக் கோணியில் கட்டி மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது குழல்கள் வரை உடைத்தும் ஆயிற்று. இது சரிதானா, இல்லையென்றால் வேறு என்ன வழி என்பது கேள்வி.

உடைப்பதை இன்றே நிறுத்துங்கள் என்பதே என் முதல் பதில். உடையாத குழலால் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. பத்தாண்டுகள் அது தலைக்கு மேலே எரிந்தபோது எப்படித் தீங்கில்லாமல் இருந்ததோ, அப்படியேதான் இப்போதும் இருக்கிறது. உள்ளே இருப்பதை அந்த மெல்லிய கண்ணாடிதான் அடைத்து வைத்திருக்கிறது. ஆகவே அதற்கென்று அமைந்த மூடிய இயந்திரத்துக்குள் போய்ச் சேரும்வரை குழல் உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒன்றுக்காகத்தான்.

உள்ளே இருப்பது பாதரசம். குழலின் இரு முனைகளிலும் உள்ள இழைகளுக்கு இடையே மின்சாரம் பாயும்போது, உள்ளிருக்கும் பாதரச ஆவி கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வெளியிடுகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 254 நானோமீட்டர். கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைத் தூள் அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு வெண்ணொளியாக மாற்றித் தருகிறது. இந்தத் தூளை 'பாஸ்பர்' என்பார்கள். பெயரைக் கேட்டு இது தீப்பற்றும் பாஸ்பரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, இரண்டும் வேறு. பழைய குழல்களில் இது ஆன்டிமனியும் மாங்கனீசும் சிறிதளவு கலந்த கால்சியம் சேர்மம். பிற்காலத்துக் குழல்களில் இட்ரியம், யூரோப்பியம், டெர்பியம் போன்ற அரிய மண் உலோகங்களைக் கொண்ட மூன்று தூள்களின் கலவை. தூளைவிடக் கவலைக்குரியது அதில் ஏறியிருக்கும் பாதரசம். புதுக் குழலில் பாதரசம் துளியாகவும் ஆவியாகவும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் எரிய எரிய அது கொஞ்சம் கொஞ்சமாகத் தூளிலும் கண்ணாடியிலும் படிந்துவிடுகிறது. எரிந்து தீர்ந்த குழலில் பாதரசத்தின் பெரும்பகுதி இருப்பது இந்த வெள்ளைத் தூளில்தான். எனவே, உடைந்த குழலைக் கையாளும்போது கண்ணாடி குத்திவிடுமே என்று மட்டும் எண்ணுகிறவர், தரையில் மாவுபோல் படிந்திருக்கும் தூளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

அளவு எவ்வளவு? ஒரு சி.எஃப்.எல். விளக்கில் பொதுவாக 3 முதல் 5 மில்லிகிராம். மெல்லிய புதுவகைக் குழல்களிலும் ஏறத்தாழ இந்த அளவே. பழைய பருமனான நாலடிக் குழல்களில் 10 மில்லிகிராமுக்கு மேலும், சிலவற்றில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கும் இருந்ததுண்டு. காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரச வெப்பமானியில் இருப்பது அரை கிராமுக்குக் குறையாது என்பதோடு ஒப்பிட்டால் ஒரு குழலில் இருப்பது மிகச் சொற்பம். ஆனால் உங்கள் மாடியில் இருப்பது ஒரு குழல் அல்ல. குழலுக்குப் பத்து மில்லிகிராம் என்று வைத்தாலும் 400 குழல்களுக்கு 4 கிராம் ஆகிறது.

மில்லிகிராம் என்றதும் பலருக்கு அலட்சியம் வந்துவிடுகிறது; அதனால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் அதன் கொள்ளளவு சுமார் 28 கன மீட்டர். 4 மில்லிகிராம் பாதரசம் முழுவதும் ஆவியாகி அந்த மூடிய அறைக்குள் நின்றால், ஒரு கன மீட்டர் காற்றில் 140 மைக்ரோகிராம் இருக்கும். நீண்டகாலம் சுவாசிக்கும் காற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். உண்மையில் ஒரு விளக்கு உடைந்தால் அதிலுள்ள பாதரசம் முழுவதும் ஒரே நேரத்தில் ஆவியாவதில்லை. சன்னலைத் திறந்தால் ஆவியானதும் சீக்கிரமே கலைந்துபோகும். எனவே வீட்டில் ஒரு விளக்கு கை தவறி உடைந்துவிட்டது என்பதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆவி ஒரே மூச்சில் வெளியேறி முடிந்துவிடுவதும் இல்லை. முதல் சில மணி நேரத்தில் அதிகமாகவும், பிறகு நாள்கணக்கில் குறைவாகவும் அது வந்துகொண்டே இருக்கும்; வெயில் ஏற ஏற வேகமும் ஏறும். முப்பது குழல்களின் உடைசலைக் கோணியில் கட்டிச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால், அந்தக் கோணி பல நாள்களுக்கு ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் உடைக்கிறவர் சுவாசிக்கும் காற்று வேறு. கீழே அலுவலகத்தில் இருக்கிறவர் சுவாசிக்கும் காற்று வேறு.

பாதரசத்தை விழுங்கினால்தான் ஆபத்து என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உலோகப் பாதரசத்தைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர்மாறானது. வயிற்றுக்குள் போன உலோகப் பாதரசம் மிகக் குறைவாகவே உடலில் சேரும். மூச்சோடு உள்ளே போன ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து அது மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது; கருவுற்ற பெண்களின் நஞ்சுக்கொடியையும் கடக்கிறது. கைநடுக்கம், உறக்கமின்மை, எரிச்சல், மறதி என்று மெல்ல மெல்லத் தலைகாட்டும் இந்தக் கேடுகளை வயதின் மேலோ வேலைக் களைப்பின் மேலோ ஏற்றிச் சொல்லிவிடுவது எளிது. வாசனையும் நிறமும் இல்லாத ஒன்று என்பதால், மூச்சில் போகிறது என்பதே ஒருவருக்குத் தெரியாது.

குப்பைத் தொட்டியில் போட்ட பிறகு என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் என்றால், பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை போய்ச் சேர்ந்த இடங்கள் பெருங்குடியும் கொடுங்கையூரும். பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியே இருக்கிறது. குப்பை மேட்டில் தீப்பிடித்தால் பாதரசம் காற்றில் ஏறும். மழை பெய்தால் கரைசலோடு இறங்கும். நீருக்கடியில் உள்ள சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அந்த வடிவத்தில் அது மீனுக்குள் சேர்ந்து, சிறுமீனைத் தின்னும் பெருமீனில் இன்னும் செறிந்து, கடைசியில் சாப்பாட்டுத் தட்டுக்கே திரும்பி வருகிறது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய்க்கு இந்த மெத்தில் பாதரசமே காரணம். 2013-இல் கையெழுத்தாகி 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுப் பாதரச உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியா 2018-இல் அதை ஏற்றுக்கொண்டது.

நம் ஊருக்கு இது புதிய கதையும் அல்ல. கொடைக்கானலில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில் குவிந்து கிடந்தது வெளியே தெரிந்த பிறகுதான் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. கண்ணாடிக் கழிவுதானே என்று எடைக்குப் போட்ட பொருள் அது. உங்கள் பழைய இரும்புக் கடைக்காரர் குழல்களை வாங்க மறுத்தது நல்லதாயிற்று என்று நான் சொல்வது இதனால்தான். மாஞ்சா நூலுக்காக டியூப்லைட் கண்ணாடியை இடித்துத் தூளாக்குவதும், திருவிழாக்களிலும் வீர விளையாட்டுக் காட்சிகளிலும் டியூப்லைட்டை உடம்பில் அடித்து உடைத்துக் காட்டுவதும் நம்மிடையே நடந்துவரும் பழக்கங்கள். மாடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் குழல்கள் சிறுவர் கையில் போய்ச் சேரும் வழிகள் இவை. ஒரு பள்ளிக்கு இது சிறிய கவலை அல்ல.

இனி, என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். மாடியில் கிடக்கும் குழல்களைத் தரைத்தளத்தில், மழையும் நேர்வெயிலும் படாத, சன்னல் உள்ள, பூட்டக்கூடிய ஓர் அறைக்குக் கொண்டுவாருங்கள். புதிய எல்.இ.டி. விளக்குகள் வந்த அட்டைப்பெட்டிகள் இன்னும் கையில் இருந்தால் அவையே போதும். நீளம் சரியாக இருக்கும். அவை போய்விட்டிருந்தால், ஏதாவதொரு மின்பொருள் கடையில் கேட்டால் நாலடிக் குழலுக்கான வெற்றுப் பெட்டிகள் கிடைக்கும். பெட்டிக்குள் குழல்கள் ஆடாதபடி செய்தித்தாளைச் செருகுங்கள். பத்துப் பத்துக் குழல்களாகச் சேர்த்து ஒட்டும் டேப்பால் சுற்றிக் கட்டும் வழக்கம் மின்பணியாளர்களிடம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம், டேப்பைப் பிரிக்கும்போதுதான் குழல்கள் உடைகின்றன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் 'பயன்படுத்திய பாதரச விளக்குகள், உடைக்கக் கூடாது' என்று எழுதி, எண்ணிக்கையையும் தேதியையும் குறியுங்கள். வேலை செய்கிறவர்களுக்குத் தடித்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கொடுங்கள். மோதிரம், வளையல் போன்ற தங்க நகைகளைக் கழற்றிவைக்கச் சொல்லுங்கள். பாதரசம் பட்டால் தங்கத்தோடு கலந்து அதை வெளுக்கச் செய்துவிடும். விளையாட்டுத் திடலில் பழைய மெர்குரி விளக்குகளோ சோடியம் விளக்குகளோ இருந்து அவற்றையும் மாற்றியிருந்தால், அவற்றிலும் பாதரசம் உண்டு. தனிப் பெட்டியில் வையுங்கள். எல்.இ.டி. விளக்கில் பாதரசம் கிடையாது என்பதால் பழுதான எல்.இ.டி.களை இவற்றோடு கலக்க வேண்டாம்.

சோக் விற்றதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சோக்கில் உள்ளவை செம்புக் கம்பியும் இரும்புத் தகடும்தான், பாதரசம் இல்லை. 1980-களுக்கு முந்தைய பட்டிகள் ஏதேனும் இருந்தால் மட்டும், அவற்றோடு இணைந்த கெபாசிட்டரின் எண்ணெய் நச்சுள்ளதாக இருக்கக்கூடும் என்பதால் அதை உடைக்காமல் குழல்களோடு சேர்த்து ஒப்படைப்பது நல்லது.

யாரிடம் ஒப்படைப்பது? சட்டம் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. வீடுகளைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் டியூப்லைட்டையும் சி.எஃப்.எல். விளக்கையும் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே வகைப்படுத்தின. அவற்றைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு மையம் வீதம் உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்றும் அவை சொல்லின. ஒன்றிரண்டு விளக்கு வைத்திருப்பவர், அந்த மையம் எங்கே இருக்கிறது என்று தம் பகுதித் துப்புரவு ஆய்வாளரிடம் கேட்க முழு உரிமை உள்ளவர். கேட்டால்தான் இல்லாத இடங்களில் அது உருவாகும், ஆகவே கேளுங்கள்.

பள்ளி, அலுவலகம், மருத்துவமனை போன்றவற்றுக்கு 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் பொருந்தும். பாதரச விளக்குகள் அந்த விதிகளின் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள மின்சாதனங்களில் ஓராண்டின் எந்த ஒரு சமயத்திலாவது 1,000 எண்ணிக்கையைப் பயன்படுத்திய நிறுவனம் 'பெருநுகர்வோர்' ஆகிறது. அது தன் கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். விளக்கு, கணினி, அச்சுப்பொறி என்று எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் ஓரளவு பெரிய பள்ளி இந்த எண்ணிக்கையை எட்டிவிடக்கூடும். எட்டாவிட்டாலும் இந்த வழியே பாதுகாப்பானது என்பதால் இதையே பின்பற்றச் சொல்வேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பதிவுபெற்ற மின்னணுக் கழிவு நிறுவனங்கள் பலவற்றின் தொழில் கணினியையும் கைப்பேசியையும் பிரித்து உலோகம் எடுப்பது. பாதரச விளக்கைக் கையாளும் இயந்திரம் அவர்களிடம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்திருக்கும் அனுமதியில் பாதரச விளக்குகள் என்ற வகை எழுதப்பட்டிருக்கிறதா என்று தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பிரித்தெடுத்த வெள்ளைத் தூள் உங்களிடமிருந்து எங்கே போகிறது?' இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் தொழிலை அறிந்தவர். கண்ணாடியையும் அலுமினிய மூடியையும் பற்றி மட்டும் பேசுகிறவரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்த எண்ணிக்கை குறித்த சான்றிதழை வாங்கிக் கோப்பில் வையுங்கள். இதற்குப் பணம் வராது, பெரும்பாலும் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும், இனிமேல் எல்.இ.டி.க்கு மாறும் நிறுவனங்கள் விலைப்புள்ளி கேட்கும்போதே பழைய குழல்களை முறைப்படி ஒப்படைக்கும் செலவையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும்.

அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று தெரிந்தால், மாடியில் வைத்து உடைப்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும். ஒரு முறையில், குழலின் இரு முனைகளையும் சூடாக்கி வெட்டியெடுத்துவிட்டு, நடுவிலுள்ள கண்ணாடிக்குள் காற்றை ஊதித் தூளை வெளியேற்றிச் சேகரிக்கிறார்கள். இன்னொரு முறையில் முழுக் குழலையும் நொறுக்கிச் சல்லடையால் கண்ணாடி, உலோகம், தூள் என்று பிரிக்கிறார்கள். எந்த முறையானாலும் இயந்திரத்தின் உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும். சந்து இருந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. அந்தக் காற்று முதலில் நுண்தூசி வடிகட்டியையும், பிறகு கந்தகம் ஏற்றிய கரியையும் கடந்துதான் வெளியேறும். பாதரசத்தைக் கந்தகம் பிடித்துக்கொண்டால் உருவாவது, நாட்டு மருந்துக் கடையில் சாதிலிங்கம் என்ற பெயரில் நாம் அறிந்திருக்கும் அதே சேர்மம். ஆவியாகித் திரியும் உலோகத்தைக் கந்தகத்தோடு கட்டி நிறுத்துவது சித்த மருத்துவத்தில் இரசத்தை, அதாவது பாதரசத்தை, கட்டுகிறவர்களுக்குப் பழகிய செய்தி. இங்கே அதே வேதியியல் காற்றைச் சுத்தம் செய்கிறது.

பிரித்த தூளை மூடிய உலையில் சூடாக்குகிறார்கள். பாதரசம் 357 பாகை செல்சியஸில் கொதிக்கும். தூளோடு பிணைந்ததையும் விடுவிக்க அதைவிட மிக அதிகமாகச் சூடேற்ற வேண்டும். ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம் திரவமாகத் திரும்பக் கிடைக்கிறது. தூய கண்ணாடி மறுபடி கண்ணாடிப் பொருளாகிறது, அலுமினியம் உருக்கப்படுகிறது. மீதமுள்ள தூளிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை பிரான்சில் 2012-இல் தொடங்கி, அவ்வுலோகங்களின் விலை விழுந்ததால் 2016-இல் நின்றுபோனது. விளக்கு மறுசுழற்சியைச் சந்தை விலையின் பொறுப்பில் மட்டும் விட முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று அதுதான்.

200 லிட்டர் பீப்பாயின் மேல் பொருத்தி, வந்த இடத்திலேயே குழல்களை நொறுக்கும் சிறு இயந்திரங்களும் உண்டு. ஒரு பீப்பாயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாலடிக் குழல்களை அடைத்துவிடலாம் என்பதால் இவை வசதியானவை. ஆனால் பீப்பாயை மாற்றும் நேரத்திலும் வடிகட்டியை மாற்றும் நேரத்திலும் ஆவி வெளிப்படும். பயிற்சி பெற்றவர், பாதரச ஆவிக்கென்று உள்ள முகமூடி அணிந்து, திறந்தவெளியில் செய்ய வேண்டிய வேலை அது. பள்ளி வளாகத்துக்குள் அதை அனுமதிக்க நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. சோக் உள்ளேயே அமைந்த சி.எஃப்.எல். விளக்குகளின் உற்பத்தியை 2025-க்குள்ளும், நீளக் குழல்களின் உற்பத்தியை 2027-க்குள்ளும் நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. ஆனால் உற்பத்தி நிற்கும் இந்த ஆண்டுகளில்தான் பழைய குழல்கள் மொத்தமாகக் கழற்றப்படும்.

கடைசியாக, ஏற்கெனவே உடைந்த முப்பது குழல்கள். அந்தக் கோணியை அவிழ்க்காமல், அது இருக்கிறபடியே கெட்டியான பிளாஸ்டிக் பையொன்றில் போட்டு இறுகக் கட்டுங்கள். பிறகு மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் பீப்பாயில் வைத்து மற்ற குழல்களோடு ஒப்படையுங்கள். மாடித் தரையில் சிதறியதைக் காலையில், வெயில் ஏறுமுன் அள்ளுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரமாக்கிய பின், கெட்டி அட்டை இரண்டைக் கொண்டு வழித்தெடுத்து, மிச்சத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி, ஈரத்துணியால் துடைத்து, அந்த அட்டையையும் துணியையும் கையுறையையும் அதே பீப்பாயில் போடுங்கள். நீரை ஊற்றிக் கழுவி மழைநீர்க் குழாயில் விடக் கூடாது. வீட்டுக்குள் விளக்கு உடைந்தாலும் முறை இதுவே: குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் வெளியே அனுப்பி, மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே இருந்துவிட்டு வந்து அள்ள வேண்டும். தூசு உறிஞ்சும் கருவியைப் பயன்படுத்தவே கூடாது. அது பாதரசத்தை அறை முழுவதும் ஊதிவிடும்.

உடைத்த அந்த அம்மாவிடம் உள்ளே இருந்தது என்னவென்று சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மற்ற எவரையும்விட அவருக்கு முதலில் உண்டு. அன்று உடுத்தியிருந்த புடவையில் கண்ணாடித் துகளோ வெள்ளைத் தூளோ படிந்திருந்தால் அதைத் துவைத்து உடுத்தச் சொல்லாமல் பீப்பாயில் போட்டுவிட்டு, புதியது ஒன்று பள்ளி வாங்கிக் கொடுக்கட்டும். திறந்த மாடியில் ஓரிரு நாள் செய்த வேலையால் அவருக்குப் பெருங்கேடு வந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போய், 'பாதரச ஆவி பட்டிருக்கிறது' என்று அந்தச் சொற்களாலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருத்துவர் சாதாரணச் சளி என்றுதான் நினைப்பார். அந்த அம்மா பல மாதங்களாக இந்த வேலையைச் செய்துவந்தவர் என்றால், சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதன் செலவு பள்ளியுடையது.